பேச்சு எந்தப் படியில் முறிகிறது? ஃபிரண்டோடெம்போரல் டிமென்ஷியாவும் மொழிச் சிக்கல்களும்

ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸ் நடிப்பிலிருந்து விலகுவதாக அவருடைய குடும்பத்தார் 2022 மார்ச் இறுதியில் அறிவித்தபோது அதற்குச் சொன்ன காரணம் 'அஃபேசியா'. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2023 பிப்ரவரியில் அதே குடும்பம் வெளியிட்ட அறிக்கையில் 'ஃபிரண்டோடெம்போரல் டிமென்ஷியா' என்ற பெயர் இருந்தது. 2024 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் வெண்டி வில்லியம்ஸ் குறித்து வெளியான அறிக்கையிலோ இரண்டு பெயர்களும் சேர்ந்தே வந்தன. முதலில் சொன்னது தவறா, ஒரு நோய் முற்றி இன்னொன்றாக மாறிவிட்டதா, அல்லது இவை இரண்டு தனித்தனி நோய்களா என்ற ஐயம் செய்தியைப் படித்த பலருக்கும் எழுந்தது.

மூன்றும் இல்லை. அஃபேசியா என்பது மொழியை இழக்கும் ஓர் அறிகுறியின் பெயர். ஃபிரண்டோடெம்போரல் டிமென்ஷியா என்பது அந்த அறிகுறியை உண்டாக்கக்கூடிய நோய்க்குழுவின் பெயர். இருமலுக்கும் காசநோய்க்கும் உள்ள உறவு போன்றது இது. இருமல் எல்லாம் காசநோய் அல்ல என்பது போலவே, அஃபேசியா எல்லாம் டிமென்ஷியாவும் அல்ல. ஆனால் குழப்பம் இத்துடன் தீர்ந்துவிடுவதில்லை. இந்த நோயில் 'பேச்சு போய்விட்டது' என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஒரே சொல்லில் சொல்லிவிடுவது, உள்ளே பல வேறுபட்ட முறிவுகளாக இருக்கிறது. எந்த முறிவு என்று தெரியாமல் செய்யும் உதவி சில நேரம் நோயாளிக்குத் தொல்லையாகவே முடிகிறது. அந்த வேறுபாட்டை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர்களைப் பிரித்துப் பார்த்தால்

டிமென்ஷியாவைத் தமிழில் 'மறதிநோய்' என்று வழங்குகிறோம். அல்சைமர் நோய்க்கு இந்தப் பெயர் பெரும்பாலும் பொருந்துகிறது. ஃபிரண்டோடெம்போரல் டிமென்ஷியாவுக்கு, சுருக்கமாக எஃப்.டி.டி.க்கு, அது வழிதவறச் செய்யும் பெயர். எஃப்.டி.டி.யின் தொடக்க ஆண்டுகளில் ஒருவருக்கு நேற்று யார் வந்தார்கள், எந்த வழியாக வீடு திரும்ப வேண்டும், எந்தத் தேதியில் எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் நினைவில் இருக்கலாம். 'நினைவு நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு எப்படி மறதிநோய்?' என்று குடும்பம் ஆறுதல் கொள்வதற்கும், மருத்துவரிடம் போவது தள்ளிப்போவதற்கும் இந்தப் பெயரும் ஒரு காரணம் என்றே சொல்ல வேண்டும். ஆகவே இங்கே 'டிமென்ஷியா' என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.

எஃப்.டி.டி. தாக்குவது மூளையின் இரண்டு பகுதிகளை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் நெற்றி மடல் திட்டமிடுதல், தன்னைக் கட்டுப்படுத்திக் கொள்ளுதல், ஒன்றைத் தொடங்கும் முனைப்பு ஆகியவற்றைக் கவனிக்கிறது. அதன் இடப்புறப் பின்பகுதி வாக்கியத்தைக் கட்டுவதிலும் பேச்சு அசைவுகளை ஒழுங்கு செய்வதிலும் பங்கு கொள்கிறது. காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுக்கு உட்புறம் இருக்கும் பொட்டு மடலின் முன்முனை சொற்களுக்கும் பொருள்களுக்கும் முகங்களுக்கும் உரிய அறிவைத் தாங்குகிறது. இப்பகுதிகளில் உள்ள நரம்பணுக்கள் படிப்படியாகச் சுருங்கி அழிவதே இந்த நோய். மற்ற டிமென்ஷியாக்களைவிட இளைய வயதில் வருகிறது: 45 முதல் 64 வயதுக்குட்பட்டவர்களில் லட்சம் பேருக்கு 15 முதல் 22 பேர் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. வேலையில் இருக்கும் வயது, பிள்ளைகள் படித்துக் கொண்டிருக்கும் வயது அது. அந்த வயதில் பேச்சில் வரும் மாற்றத்தை வேலைப்பளு என்றோ மனச்சோர்வு என்றோ எடுத்துக் கொள்வதே பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது.

அஃபேசியா என்பது மொழியை இழப்பது, குரலை இழப்பதன்று. நாக்கும் தொண்டையும் நலமாக இருக்க, மூளையில் மொழியைக் கையாளும் வலைப்பின்னல் பழுதாவதால் வருவது. இதற்கு மிகப் பொதுவான காரணம் பக்கவாதம். பக்கவாதத்தில் மொழி ஒரே நாளில் அறுந்து, பிறகு வாரங்களிலும் மாதங்களிலும் ஓரளவு திரும்புகிறது. எஃப்.டி.டி.யில் திசை நேர் எதிரானது: மெல்லத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் தேய்ந்துகொண்டே போகிறது. பக்கவாதமோ கட்டியோ இல்லாமல் மெல்லத் தொடங்கி, நோயின் முதற்கட்டத்தில் மொழிச் சிக்கலே முதன்மையான குறையாக இருந்தால், அதற்கு 'படிப்படியாக முற்றும் முதன்மை அஃபேசியா' என்று பெயர். மருத்துவர்கள் பி.பி.ஏ. என்று சுருக்கிச் சொல்வார்கள்.

ஒரு வாக்கியம் வாயை வந்தடையும் வழி

'அந்தக் குடையை எடுத்துக் கொடு' என்று ஒருவர் சொல்வதாகக் கொள்வோம். ஒரு நொடிக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் முடிந்துவிடும் இந்த வாக்கியத்துக்குப் பின்னால் பல வேலைகள் நடந்திருக்க வேண்டும். உண்மையில் இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. விளக்கத்துக்காகப் படிகளாக அடுக்குகிறேன்.

1. முனைப்பு: ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டும் என்ற உந்துதல் எழ வேண்டும்.
2. பொருள்: குடை என்றால் என்ன, அது எதற்குப் பயன்படும் என்ற அறிவு இருக்க வேண்டும்.
3. ஒலிவடிவம்: அந்தப் பொருளுக்கு உரிய 'குடை' என்ற ஒலித்தொடர் கிடைத்து, சொல்லி முடிக்கும் வரை மனத்தில் நிற்க வேண்டும்.
4. வாக்கிய அமைப்பு: 'குடை' என்பதோடு 'ஐ' உருபு சேர வேண்டும், 'எடுத்து', 'கொடு' என்று வினைகள் வரிசைப்பட வேண்டும்.
5. அசைவுத் திட்டம்: இதழும் நாவும் அண்ணமும் மூச்சும் எந்த வரிசையில் அசைய வேண்டும் என்ற கட்டளை உருவாக வேண்டும்.
6. தசைகள்: அந்தக் கட்டளையை நிறைவேற்றும் வலு தசைகளுக்கு இருக்க வேண்டும்.
7. இடம், பொருள், ஏவல்: யாரிடம், எந்த நேரத்தில், எந்தத் தொனியில் சொல்கிறோம் என்ற உணர்வு இவை அனைத்துக்கும் மேலாக நிற்க வேண்டும்.

எஃப்.டி.டி.யின் ஒவ்வொரு வகையும் இவற்றில் வேறுவேறு படியை முதலில் உடைக்கிறது.

'குடையா? குடை என்றால் என்ன?'

பொட்டு மடலின் முன்முனை, குறிப்பாக இடப்பக்கம், முதலில் சுருங்கும்போது உடைவது இரண்டாம் படி. இதைப் பொருள்சார் வகை என்பார்கள். மேலே தலைப்பில் இருக்கும் கேள்வியை ஒருவர் உண்மையாகவே கேட்கத் தொடங்குவது இந்த வகைக்கே உரிய அடையாளம். கேள்வியில் உச்சரிப்புப் பிழை இல்லை, இலக்கணப் பிழை இல்லை, தயக்கமும் இல்லை. 'குடை' என்ற ஒலியை அவர் சரியாகக் கேட்டு, சரியாகத் திருப்பியும் சொல்லிவிட்டார். அதற்குள் இருந்த பொருள் மட்டும் இல்லை.

நாம் எல்லோரும் எப்போதாவது ஒரு சொல்லை மறந்து தடுமாறுகிறோம். அப்போது பொருள் நமக்குத் தெரிந்தே இருக்கும், 'மழைக்குப் பிடிப்போமே, அது' என்று விளக்குவோம், யாராவது 'கு...' என்று எடுத்துக் கொடுத்தால் 'ஆமாம், குடை' என்று பற்றிக் கொள்வோம். பொருள்சார் வகையில் முதலெழுத்தை எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் பயன் தருவதில்லை. முழுச் சொல்லையே சொன்னாலும் அது அவருக்கு ஒரு புதுச் சொல்லாகவே ஒலிக்கலாம்.

இழப்பு ஓர் ஒழுங்கில் நடக்கிறது. அரிதான சொற்களும் நுணுக்கமான வேறுபாடுகளும் முதலில் போகும். பொதுவானவை பின்னால் போகும். ஒட்டகச்சிவிங்கியின் படம் முதலில் 'குதிரை' ஆகும். பிறகு 'மிருகம்' ஆகும். கடைசியில் 'அது' ஆகிவிடும். இந்த வகை நோயாளிகளிடம் வாத்தின் படத்தைக் காட்டி, அதை மறைத்துவிட்டு, நினைவிலிருந்து வரையச் சொன்ன ஆய்வுகளில் சிலர் நான்கு கால்களுடன் வாத்தை வரைந்திருக்கிறார்கள். 'விலங்கு' என்ற பொது அறிவு எஞ்சி நிற்க, 'பறவைக்கு இரண்டு கால்' என்ற தனி அறிவு உதிர்ந்துவிட்டதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் இருக்க முடியாது. போனது சொல் மட்டுமல்ல, சொல்லுக்கு அடியில் இருந்த அறிவு. பிரிட்டிஷ் நரம்பு உளவியலாளர் எலிசபெத் வாரிங்டன் 1975இல் மூன்று நோயாளிகளை ஆராய்ந்து, அன்றாட நிகழ்ச்சிகளின் நினைவும் உலகத்தைப் பற்றிய பொது அறிவும் தனித்தனியே பழுதாகக் கூடும் என்று காட்டியது இத்துறையில் ஒரு திருப்பம்.

வாசிப்பிலும் இது தெரியும். ஆனால் மொழிக்கு மொழி வேறுபடும். ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் அடிக்கடி முரண்படுவதால், ஒழுங்கற்ற சொற்களை இந்த நோயாளிகள் எழுத்தைக் கூட்டிப் படித்துவிடுவார்கள். 'பைண்ட்' (pint) என்று ஒலிக்க வேண்டிய சொல் 'பிண்ட்' ஆகும். ஜப்பானியத்தில் பொருளெழுத்துகளான காஞ்சியைப் படிப்பது கெடும். இமுரா என்ற ஜப்பானிய மருத்துவர் 1943லேயே இத்தகைய நிலையைத் தனி வகையாகக் குறித்திருக்கிறார். தமிழில் எழுத்தைப் பார்த்தாலே ஒலி பெரும்பாலும் கிடைத்துவிடும் என்பதால் இந்தத் துப்பு நமக்கு எளிதில் கிடைக்காது. ஒருவர் நாளிதழைக் கடகடவென்று உரக்கப் படித்துவிட்டு, படித்த ஒரு சொல்லுக்குக்கூடப் பொருள் அறியாமல் இருக்கலாம். 'அவர்தான் நன்றாகப் படிக்கிறாரே' என்பது இங்கே சான்றாகாது.

வலப்பக்கப் பொட்டு மடல் முதலில் பாதிக்கப்பட்டால், சொற்களுக்குப் பதிலாகத் தெரிந்த முகங்களும், பிறர் உணர்ச்சியைப் புரிந்துகொள்ளும் திறனும் முதலில் மங்கும்.

பொருள் இருக்கிறது, வாக்கியம் வரவில்லை

இரண்டாவது வகையில் நிலைமை தலைகீழ். குடை என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும்; அதைக் கேட்பதற்கான வாக்கியம்தான் கட்டப்படுவதில்லை. இடப்பக்க நெற்றி மடலின் பின்பகுதியும் அதையடுத்து உட்புறம் மடிந்திருக்கும் இன்சுலா பகுதியும் சுருங்குவதால் நான்காம், ஐந்தாம் படிகள் உடைகின்றன. சரளமற்ற வகை என்று இதற்குப் பெயர்.

தமிழ் போன்ற ஒட்டுநிலை மொழியில் இலக்கணச் சுமை முழுவதும் சொல்லின் ஈற்றில் இருக்கிறது: வேற்றுமை உருபு, காலம், எண், பால், இடம் எல்லாம் அங்கேதான். ஆகவே வாக்கிய அமைப்பு குலையும்போது முதலில் கேட்பது ஈறு உதிர்ந்த சொற்களே. 'நேற்று டாக்டரிடம் போனேன், மூன்று மாத்திரை கொடுத்தார்' என்று சொல்ல வந்தவரிடமிருந்து 'நேற்று... டாக்டர்... போ... மாத்திரை... மூணு' என்பது, ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே முயற்சியுடன், வெளிவரும். பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்கள் கூடுதலாகத் தடுமாறும். கேட்பதிலும் சிக்கல் உண்டு என்பது பலரும் கவனிக்காத செய்தி. தனிச்சொற்கள் எல்லாம் விளங்கும். ஆனால் 'புலி துரத்திய மான்' என்பதற்கும் 'புலியைத் துரத்திய மான்' என்பதற்கும் உள்ள வேறுபாடு ஒற்றை 'ஐ'யில் தொங்குகிறது அல்லவா, அங்கே இவர்கள் தடுமாறலாம்.

ஐந்தாம் படியின் முறிவுக்குப் பேச்சு அப்ராக்சியா என்று பெயர். தசையில் வலு இருக்கிறது. எந்த வரிசையில் அசைய வேண்டும் என்ற கட்டளை சிதைகிறது. 'பல்கலைக்கழகம்' போன்ற நீண்ட சொல்லை ஐந்து முறை திருப்பிச் சொல்லச் சொன்னால், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு விதமாகப் பிழை வரும். இதழும் நாவும் சரியான நிலையைத் தேடித் துழாவுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அசைகள் தனித்தனியாக, ஒரே அழுத்தத்தில், மெதுவாக விழும். அரிதாகச் சிலருக்கு இந்த அப்ராக்சியா மட்டுமே தனியாக வருவதும் உண்டு. அவர்கள் வாயால் சொல்ல முடியாததைத் தாளில் பிழையின்றி எழுதிக் காட்டுவார்கள். ஒருவரால் எழுத முடிகிறதா என்று பார்த்துவிடுவது எவ்வளவு எளிய சோதனை, எவ்வளவு பெரிய கதவைத் திறக்கிறது!

இந்த வகையில் சிலரிடம் காணப்படும் இன்னொன்றையும் அருகில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 'ஆமாம்' என்று சொல்ல நினைத்து 'இல்லை' என்பார்கள். 'இல்லை' என்பதற்கு 'ஆமாம்' என்பார்கள். வலிக்கிறதா என்று கேட்டால் 'இல்லை' என்ற பதில் வரும், முகம் சுளித்திருக்கும். வாயில் வந்த சொல்லை மட்டும் நம்பாமல், தலையசைப்பு, கட்டைவிரல் சைகை, எழுதிக் காட்டிய இரு சொற்களில் ஒன்றைத் தொடுதல் என வேறொரு வழியிலும் பதிலை உறுதி செய்துகொள்வது நல்லது.

தன் பேச்சு கெடுகிறது என்ற உணர்வு இவர்களிடம் பெரும்பாலும் முழுமையாக இருக்கும். அதனால் மனச்சோர்வும் மிகுதி. நாளடைவில் சிலருக்கு நடையில் தடுமாற்றம், அடிக்கடி கீழே விழுதல், ஒரு கை மட்டும் விறைத்துச் சொன்னபடி கேட்காமை ஆகியவையும் சேரும்.

எஃப்.டி.டி. அல்லாத மூன்றாவது வகை

மேலே கண்ட இரண்டும் பி.பி.ஏ.யின் வகைகள். அதன் மூன்றாவது வகையில் உடைவது மூன்றாம் படி. பொருள் தெரியும், இலக்கணம் இருக்கிறது, அசைவும் சரி. சொல்லின் ஒலிவடிவம் உரிய நேரத்தில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் மனத்தில் நிற்பதில்லை. ஆகவே பேச்சு நெடுக இடைவெளிகள். தனிச்சொல்லைத் திருப்பிச் சொல்லிவிடுவார். பத்துச் சொல் கொண்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் பாதியில் அறுந்துவிடும். பாதிப்பு இருப்பது மூளையின் இடப்பக்கப் பின்பகுதியில், பொட்டு மடலும் உச்சி மடலும் சேரும் இடத்தில். இந்த வகையினரில் பெரும்பாலோருக்கு அடியில் இருப்பது எஃப்.டி.டி. அன்று, அல்சைமர் நோய். இந்த ஒரு வேறுபாட்டால் மருந்தே மாறுகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பேச முடிந்தும் பேசாமல் இருப்பது

எஃப்.டி.டி.யில் மிகப் பரவலாகக் காணப்படுவது நடத்தை வகை. இதில் மொழிக்கருவி தொடக்கத்தில் பழுதாகாமல் இருக்கும். முதல் படியான முனைப்பும், ஏழாம் படியான இடம், பொருள், ஏவலும் கெடுகின்றன. 'அவர் பேசுவதையே குறைத்துக் கொண்டார்' என்பதே குடும்பத்தார் முதலில் சொல்வது. தானாக ஒரு பேச்சைத் தொடங்க மாட்டார். கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும். வேறு சிலரிடம் ஒரே கதை, ஒரே தொடர், நாளுக்குப் பலமுறை, கேட்பவர் முகத்தைப் பாராமல் வந்துகொண்டிருக்கும். நாம் கேட்ட கேள்வியையே எதிரொலியாகத் திருப்பிச் சொல்வதும் உண்டு. துக்க வீட்டில் சிரிப்பது, அறிமுகமில்லாதவரிடம் அவர் உடல் பருமனைப் பற்றிச் சொல்வது போன்றவை வசையாகவும் அகந்தையாகவும் பார்க்கப்படுகின்றன.

சொல்லின் நேர்ப்பொருள் நிற்க, குறிப்புப்பொருள் நழுவுகிறது. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பதற்கு என்ன பொருள் என்று கேட்டால், 'ஆமாம், தண்ணீரில் மூழ்கிவிடுவோம்' என்ற விளக்கம் வரும். கிண்டலும் குத்தலும் விளங்காமல் போவது ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. இந்த வகையில் தன்னிடம் மாற்றம் வந்திருக்கிறது என்ற உணர்வே நோயாளிக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே வாதிட்டு உணர்த்த முயல்வது வீண். கணவன் மனைவிக்கிடையே 'என்னிடம் பேசுவதே இல்லை' என்ற மனக்கசப்பாகத் தொடங்கி, பிரிவு வரை போன பிறகு நோய் கண்டறியப்படுவது இந்த வகையின் பெருந்துயரம்.

ஆறாம் படியான தசை வலு, எஃப்.டி.டி. உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அல்லது சற்றுக் கூடுதலானவர்களுக்கு ஏ.எல்.எஸ். எனப்படும் இயக்கு நரம்பணு நோய் சேர்ந்து வருவதால் கெடுகிறது. குழறல், மூக்கொலி, விழுங்கும்போது புரையேறல், நாக்கு மெலிதல் ஆகியவை தென்பட்டால் காத்திருக்கக் கூடாது.

பெயர் ஏன் மாறுகிறது

பிராக் நகரில் பணியாற்றிய ஆர்னால்ட் பிக் 1892இல் விவரித்த நோயாளிக்கு மொழியும் நடத்தையும் இரண்டுமே கெட்டிருந்தன. நீண்ட காலம் இந்நோய் 'பிக் நோய்' என்றே வழங்கியது. 1982இல் மார்செல் மெசுலம் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர், பொதுவான அறிவுத்திறன் கெடாமல் மொழி மட்டும் மெல்லத் தேய்ந்த ஆறு பேரை விவரித்ததிலிருந்து மொழிவகை தனிக்கவனம் பெற்றது. இன்று பயன்படும் மூவகைப் பகுப்பு 2011இல் பன்னாட்டு வல்லுநர்கள் கூடி வகுத்தது.

நோய் இந்த வகைப்பாட்டுக்குள் அடங்கி நிற்பதில்லை. பொட்டு மடலில் தொடங்கியது நெற்றி மடலுக்குப் பரவும். மொழிச் சிக்கலோடு வந்தவருக்குச் சில ஆண்டுகளில் நடத்தை மாற்றமும், நடத்தை மாற்றத்தோடு வந்தவருக்கு மொழிச் சிக்கலும் சேரும். முதல் சந்திப்பில் மருத்துவருக்குக் கண்கூடாகத் தெரிவது அறிகுறி. அதற்கு அடியில் இருக்கும் நோயை உறுதி செய்யப் பரிசோதனைகளும் காலமும் தேவை. வில்லிஸ் குடும்பத்தின் 2023 அறிக்கையும், நிலை முற்றியதோடு இன்னும் குறிப்பான நோய்ப்பெயர் இப்போது கிடைத்திருக்கிறது என்றுதான் சொன்னது.

இன்னும் கீழே போனால் புரதங்கள் இருக்கின்றன. எஃப்.டி.டி.யில் நரம்பணுக்களுக்குள் உறைந்து சேர்வது பெரும்பாலும் டௌ அல்லது டி.டி.பி.-43 என்ற புரதம். பொருள்சார் வகையில் பெரும்பாலும் டி.டி.பி.-43, சரளமற்ற வகையில் பெரும்பாலும் டௌ. நடத்தை வகையில் இரண்டில் எதுவும் இருக்கலாம். பரம்பரைக் கூறு நடத்தை வகையில் கூடுதல், பொருள்சார் வகையில் மிகக் குறைவு. எம்.ஏ.பி.டி., ஜி.ஆர்.என்., சி9ஓஆர்எஃப்72 என்ற மூன்று மரபணுக்களே பரம்பரை நோய்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். மரபணுச் சோதனையின் முடிவு பிள்ளைகளையும் உடன்பிறந்தோரையும் தொடும் என்பதால், மரபணு ஆலோசனை பெறாமல் அதைச் செய்யக் கூடாது.

கண்டறிதல்

எம்.ஆர்.ஐ. எந்த மடல் சுருங்கியிருக்கிறது என்று காட்டும். பெட் ஸ்கேன் எந்தப் பகுதி வேலை குறைந்திருக்கிறது என்று காட்டும். முதுகுத்தண்டு நீரிலோ, அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தைக் காட்டும் பெட் ஸ்கேனிலோ அல்சைமர் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் எந்தப் படி முறிந்திருக்கிறது என்பதைச் சொல்வது பேச்சு–மொழி சிகிச்சையாளரும் நரம்பு உளவியலாளரும் அமர்ந்து செய்யும் சோதனைகளே: படத்துக்குப் பெயர் சொல்லுதல், சொல்லுக்குப் பொருள் சொல்லுதல், நீண்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லுதல், ஒரு காட்சியை வருணித்தல். இவை நோயாளி பிறந்து வளர்ந்து புழங்கிய மொழியில் நடக்க வேண்டும். பிறமொழிச் சோதனையை அப்படியே மொழிபெயர்த்துக் கேட்டால், முன்பு சொன்ன 'ஐ' உருபு போன்ற நுட்பங்கள் சோதிக்கப்படாமலே போகும்.

குடும்பத்தார் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள ஒன்று, அவர் இயல்பாகப் பேசுவதைச் சில நிமிடம் கைப்பேசியில் பதிந்து எடுத்துச் செல்வது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய காணொளி ஏதேனும் இருந்தால் அதையும் சேர்த்துக் காட்டினால், மாற்றத்தின் வேகம் மருத்துவருக்கு உடனே பிடிபடும். மருத்துவமனையில் பதற்றத்தோடு பேசுவது அவருடைய உண்மையான பேச்சாக இருக்காது.

மருந்தும் பயிற்சியும்

எஃப்.டி.டி.யின் போக்கைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்றில்லை. அல்சைமருக்குக் கொடுக்கப்படும் டோனெபெசில் போன்ற மருந்துகள் எஃப்.டி.டி.யில் பயன் தருவதாகக் காணப்படவில்லை. சிலருக்கு நடத்தைச் சிக்கலைக் கூட்டவும் செய்கின்றன. அதே மருந்து மூன்றாவது வகை பி.பி.ஏ.யில், அடியில் இருப்பது அல்சைமர் என்பதால், பொருத்தமானதாக இருக்கலாம். வகையைச் சரியாக அறிவது ஏட்டளவு வேலை அன்று என்பதற்கு இதுவே போதும்.

பேச்சுப் பயிற்சி இழந்ததை மீட்பதற்கானது அன்று. இருப்பதை நெடுநாள் தக்கவைப்பதற்கானது. சரளமற்ற வகையில், தனக்கு வேண்டிய சிறு உரைகளைத் தானே தேர்ந்து, காணொளியில் ஓடும் வாயசைவோடு சேர்ந்து நாள்தோறும் சொல்லிப் பழகும் முறையை 10 பேரிடம் சோதித்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், பழகிய உரைகளில் கிடைத்த முன்னேற்றம் ஓராண்டு வரை நிலைத்தது. பொருள்சார் வகையில் சொற்களை மீண்டும் கற்றுக் கொள்ள முடிகிறது. ஆனால் கற்றது, கற்ற படத்தோடும் கற்ற பொருளோடும் ஒட்டிக் கொள்கிறது. அட்டைப்படத்திலுள்ள கோப்பையைக் காட்டிக் கற்பித்தால் வீட்டுக் கோப்பைக்கு அது பயன்படாமல் போகலாம். அவர் தினம் கையில் எடுக்கும் கோப்பையையே படம் எடுத்துப் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டும். அதை அலமாரியில் இடம் மாற்றாமலும் வைக்க வேண்டும்.

உரையாடலில் உதவுவதும் படிக்குப் படி மாறுகிறது.

1. பொருள்சார் வகையினரிடம் பேச்சோடு பொருளையும் கையில் எடுத்துக் காட்டுங்கள். 'இது என்ன சொல்லுங்கள் பார்ப்போம்' என்று கேட்காதீர்கள். அன்பினால் கேட்கும் இந்தக் கேள்வி அவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு தேர்வாகிவிடுகிறது.
2. சரளமற்ற வகையினருக்கு நேரம் கொடுங்கள். சொல்லை முடித்துக் கொடுக்கலாமா என்று அவரிடமே முன்கூட்டிக் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். சிலருக்கு அது உதவி, சிலருக்கு அவமதிப்பு. உங்கள் வாக்கியங்கள் சிறியவையாக, ஒன்றுக்குள் ஒன்று மடியாதவையாக இருக்கட்டும்.
3. நடத்தை வகையினரிடம் 'என்ன வேண்டும்?' என்ற திறந்த கேள்விக்குப் பதில் வராது. 'இதுவா, அதுவா?' என்று இரண்டைக் காட்டினால் பதில் வரலாம். பதில் வராததைப் புறக்கணிப்பாக எடுத்துக் கொள்ள வேண்டாம்.

தொலைக்காட்சியை நிறுத்துவதும், எதிரில் அமர்ந்து முகம் பார்த்துப் பேசுவதும், ஒரு நேரத்தில் ஒருவரே பேசுவதும் எல்லா வகைக்கும் பொது. படங்களும் பெயர்களும் கொண்ட ஒரு சிறு ஏட்டைச் சொற்கள் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். சொற்கள் போன பிறகு கொடுத்தால் அதைப் பயன்படுத்தக் கற்பதே பெரும்பாடு. சரளமற்ற வகையினர் தம் குரலில் சில நூறு வாக்கியங்களையும் பெயர்களையும் முன்பே பதிந்து வைத்தால், பின்னாளில் கருவியைத் தொடும்போது ஒலிப்பது அவருடைய குரலாகவே இருக்கும்.

பேச்சு அடங்கிய பிறகு

எல்லா வகைகளும் இறுதியில் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன: பேச்சு முற்றிலும் நின்றுவிடுகிறது. விழுங்குவதும் கடினமாகிறது. உணவும் நீரும் நுரையீரலுக்குள் போவதால் வரும் நிமோனியா, இறப்புக்கு ஒரு முக்கியக் காரணம். உணவின் பதத்தை மாற்றுவது, நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுவது, வேகத்தைக் குறைப்பது ஆகியவற்றைப் பேச்சு–மொழி சிகிச்சையாளரே சொல்லித் தருவார். அவர்களுடைய பயிற்சியில் விழுங்குதலும் அடங்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

குழாய் வழியாக உணவு கொடுக்கலாமா, மூச்சுக்கருவி பொருத்தலாமா, பணத்தையும் சொத்தையும் யார் கவனிப்பது என்ற கேள்விகள் அப்போதுதான் எழும். அப்போது அவரால் பதில் சொல்ல முடியாது. மற்ற நோய்களில் கடைசி வரை தள்ளிப்போட முடிகிற இந்த உரையாடல், இங்கே நோய் கண்டறிந்த சில மாதங்களுக்குள் நடந்தாக வேண்டும். அதுவும் பொருள்சார் வகையில், 'குழாய்' என்ற சொல் அவருக்கு இன்னும் பொருள்படுகிறதா என்று படத்தைக் காட்டி உறுதி செய்துகொண்டு கேட்க வேண்டும். சரளமற்ற வகையில், அவர் சொன்ன 'ஆமாம்' உண்மையில் 'ஆமாம்'தானா என்று எழுத்திலும் சைகையிலும் இன்னொரு முறை, வேறொரு நாளில், கேட்டுக் குறித்து வைக்க வேண்டும்.